ஆண்டவரிடம் மட்டும் சொன்னது

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த லோயிஸின் கையைக் கேசியா அக்கா பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமல், "இடது பக்கத்துக் கட்டிதானே, கரைஞ்சிடும். நாங்க அத்தினி பேரும் உனக்காக உபவாசம் இருந்துகினு இருக்கிறோம்" என்றாள்.

லோயிஸ் சிரித்து வைத்தாள். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. கட்டி என்று தெரிந்தால்கூடத் தொலையட்டும். இடது பக்கம் என்று எப்படித் தெரிந்தது? ஸ்கேன் எடுத்த திருப்பதி டாக்டரை விட்டால் அந்த விவரம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவள், அவள் கணவன் காலேப், மாமியார் ஷோபா. லோயிஸ் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். மூன்றில் இரண்டைக் கழிக்க அவளுக்குப் பேப்பர் தேவைப்படவில்லை.

சந்தேகப்படுவதும் அவள் உத்தியோகத்தில் ஒரு பாதிதான். சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் அவள் வேலை பார்க்கிற பள்ளியில் பரீட்சை என்றால் ஹாலில் நிற்க முதலில் அவளைத்தான் போடுவார்கள். பிட் வைத்திருக்கிற பையனைப் பிடிக்க அவள் யாருடைய சட்டைப்பையையும் தடவியது கிடையாது. எழுதுகிறவன் பேப்பரைப் பார்ப்பான், பிட் வைத்திருக்கிறவன் டீச்சரைப் பார்ப்பான். அவளுடைய சூத்திரம் அவ்வளவுதான், இதுவரை தப்பியதும் இல்லை.

வலி அவளுக்குப் பதினைந்து வயதிலிருந்தே பழக்கம். பெண் என்றால் அப்படித்தான் என்று குடிபாலாவில் அம்மா சொன்னாள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். கல்யாணம் ஆனது. வலியும் போகவில்லை, பிள்ளையும் வரவில்லை. மாதாமாதம் அந்த நாட்களில் கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு, பிள்ளைகளுக்குத் தெரியாமல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வரிக்கு மூச்சைச் சேர்த்துக்கொள்வாள். ஸ்டாஃப் ரூமில் இதற்கு 'லோயிஸ் மேடத்தின் நடிப்பு' என்று பெயர். அதுவும் அவள் காதுக்கு வந்திருந்தது.

திருப்பதி டாக்டர் வரலட்சுமிதான் ஸ்கேன் திரையை அவள் பக்கம் திருப்பி நோய்க்குப் பெயர் சொன்னார். எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள்ளே வளரவேண்டிய சவ்வு போன்ற ஒன்று வெளியே கண்ட இடத்தில் வளர்ந்து, மாதாமாதம் அங்கேயே கசிந்து, வெளியேற வழியில்லாமல் உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. இடது சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி ஒரு கட்டி. அதற்கு சாக்லேட் கட்டி என்று பெயராம். பெயரைக் கேள்விப்பட்ட அன்றே ஷோபா வீட்டில் இருந்த சாக்லேட்டையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

இத்தனை வருஷம் தான் நடிக்கவில்லை என்று ஆனதில் லோயிஸுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதி டாக்டரின் அடுத்த வாக்கியம் வரைக்கும்தான் இருந்தது. முப்பத்தோரு வயதில் இருக்கவேண்டிய கருமுட்டை இருப்பு அவளிடம் இல்லை, பிள்ளை வேண்டுமானால் காலம் கடத்தாதீர்கள் என்றார் அவர். லோயிஸுக்குப் பிள்ளை வேண்டும். அதில் அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஊருக்காக இல்லை, பரம்பரைக்காக இல்லை, அவளுக்கே வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் அவள் நேராகச் சமையலறைக்குப் போய் மாமியாரைக் கேட்டுவிட்டாள்.

"அத்தை, என் கட்டி விஷயத்தைக் கேசியா அக்காகிட்ட நீங்க சொன்னீங்களா?"

"நான் யார்கிட்டயும் சொல்லலியே" என்றாள் ஷோபா, கழுவிக்கொண்டிருந்த மீனை விட்டுவிட்டு. முகத்தில் ஒரு பொய்யும் இல்லை. "ஆண்டவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"எப்போ சொன்னீங்க?"

"வியாழக்கிழமை கூட்டத்துல."

லோயிஸுக்கு விளங்கிவிட்டது. சபைப் பெண்கள் வாராவாரம் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் ஜெபத்துக்குக் கூடுவார்கள். அங்கே யாரும் ஊர்க்கதை பேசமாட்டார்கள், பேசினால் பாவம். கண்ணை மூடிக்கொண்டு பாரத்தை மட்டும் சொல்வார்கள். கண்ணைத் திறக்கும்போது பாட்டுக் குழுவில் யாருக்கு மூட்டு தேய்ந்தது, யார் வீட்டு மருமகன் குடிக்கிறான் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இதில் ஷோபாவை யாரும் மிஞ்ச முடியாது. மனிதர்களிடம் அவள் வாய் இரும்புப் பெட்டி. கண்ணை மூடிவிட்டால் பக்கத்தில் பத்துப் பேர் முழங்காலில் இருப்பதே அவளுக்கு மறந்துபோகும். கடவுளுக்கு வீடு தெரியாமல் போய்விடப் போகிறதே என்று தெருப் பெயர் முதற்கொண்டு சொல்லி ஜெபிப்பாள்.

அத்தோடு அந்தக் கோபம் தீர்ந்திருக்கவேண்டும். ஆனால் அடுத்த வியாழக்கிழமை ஷோபா கூட்டத்துக்குப் போகவில்லை. கால் வலி என்றாள். அதற்கடுத்த வாரமும் போகவில்லை. சாயங்காலம் வீட்டில் நடக்கும் குடும்ப ஜெபத்தில், வழக்கமாக ஆறிப்போன சோற்றை நினைத்துக் காலேப் நெளிகிற அளவுக்கு நீட்டி ஜெபிப்பவள், "நீயே பண்ணு நைனா" என்று மகனிடம் தள்ளிவிட ஆரம்பித்தாள். அவன் பரமண்டல ஜெபத்தை ஒப்பித்துவிட்டுத் தட்டை எடுக்கப் போய்விடுவான்.

நான் கோபித்துக்கொண்டதால்தான் நிறுத்திவிட்டாள் போலிருக்கிறது என்று லோயிஸ் முதலில் வருத்தப்பட்டாள். பிறகு அவளுக்கே அது பொருந்தவில்லை. கோபித்துக்கொண்டது கட்டி விஷயத்துக்கு. அதுதான் ஊருக்கே தெரிந்துவிட்டதே, இன்னும் எதற்கு வாயை மூடவேண்டும்? ஜெபிக்கப் பயப்படுகிறாள் என்றால், வெளியே வந்துவிடக் கூடாத வேறு ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது.

ஒன்றைச் சந்தேகித்தால் மற்றதெல்லாம் வரிசையில் வந்து நின்றது. காலேபுக்குப் பங்காருபாளையம் பக்கம் மாம்பழக் கூழ் தயாரிக்கிற ஃபேக்டரியில் தரம் பார்க்கிற வேலை. மாங்காய் சீசனில் அங்கே சொந்தத் தம்பி கல்யாணத்துக்குக்கூட லீவு கிடைக்காது. ஒரு சனிக்கிழமை அவனோடு வேலை பார்க்கிற ஹேமநாத் லோயிஸுக்குப் போன் பண்ணி, "சார் போன் எடுக்க மாட்டேன்றார். இன்னிக்கும் அரை நாள் லீவா மேடம்?" என்று கேட்டான். அன்று ஃபேக்டரிக்கென்று கிளம்பிப் போன காலேப் சாயங்காலம் வந்தபோது சட்டையில் மாம்பழ வாசனை இல்லை. அந்த வாசனை சீசன் முழுக்க அவன் தோலிலேயே இருக்கும், குளித்தாலும் போகாது.

"இன்னிக்கு எங்க போனீங்க?"

"ஃபேக்டரி வேலையா திருப்பதி போயிருந்தேன். கோல்ட் ஸ்டோரேஜ்ல ஒரு செக்கிங்" என்றான். சொல்லும்போது அவள் முகத்தையே பார்த்தான்.

இது போதாதென்று மாமியார் வேறு அன்பாக நடக்க ஆரம்பித்தாள். மீன் குழம்பில் தலைத் துண்டு இத்தனை நாளும் காலேப் தட்டுக்குத்தான் போகும். இப்போது லோயிஸ் தட்டில் வந்து விழுந்தது. "ஆபரேஷன் ஆனதும் கொஞ்ச நாள் குடிபாலாவுல உங்க அம்மா வூட்ல இருந்துட்டு வா, நல்லா ரெஸ்ட் எடு" என்றும் சொன்னாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று லோயிஸ் கேட்கவில்லை. அப்படிப் போய்த் திரும்பாத ஒரு பெண் அவர்கள் சபையிலேயே உண்டு. கணவன் வந்து கூப்பிடுவான் என்று காத்திருந்தாள், வந்தது வக்கீல் நோட்டீஸ். திருப்பதியில் எவள் இருக்கிறாள்? அவளுக்கு முட்டை நிறைய இருக்குமோ? இப்படியெல்லாம் நினைக்கிற தன்னை லோயிஸுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் நினைத்தாள்.

ஆபரேஷனை முடிவு செய்யத் திருப்பதிக்குப் போனபோது டாக்டர் வரலட்சுமி இரண்டு வழி சொன்னார். தெலுங்கும் தமிழுமாகப் பேசுகிறவர், பேரோடு மரியாதைக்கு 'காரு' சேர்ப்பவர், நிதானமாகத்தான் சொன்னார்.

"சூடம்மா, இங்க பாருங்க, கட்டியை எடுத்தா வலி குறையும். ஆனா எடுக்கும்போது நல்ல முட்டைகளும் கொஞ்சம் போகலாம், உங்ககிட்ட ஏற்கெனவே கம்மி. உங்க ஹஸ்பண்டுக்கு எல்லாம் நார்மல்னா ஆபரேஷன் பண்ணிட்டு, ஒரு ஆறு மாசம் இயற்கையா முயற்சி பண்ணலாம். அவருக்கும் பிரச்சனை இருந்தா கதை வேற. முதல்ல முட்டையை எடுத்து வெளியில கருவாக்கி வச்சுக்கணும். கட்டியை அப்புறம் பாக்கலாம். காலேப் காரு, உங்க டெஸ்ட்?"

"சித்தூர்லயே பாத்தாச்சு மேடம். நார்மல்."

"அட்மிஷன் அன்னிக்கு ரிப்போர்ட் கொண்டு வாங்க."

"சரிங்க மேடம்."

கேள்வி கேட்டது டாக்டர். பதில் சொன்ன காலேப் பார்த்தது லோயிஸை. அந்தப் பார்வையை அவள் பேருந்தில் சித்தூர் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவன் ஏன் தன்னைப் பார்த்தான் என்பதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே பதில், இவளை எப்படிக் கழற்றிவிடுவது என்று யோசிக்கிறான் என்பதுதான். அவ்வளவு கெட்டிக்காரி, அந்த ஒரு இடத்தில் கோட்டை விட்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் பையெல்லாம் கட்டியாகிவிட்டது. அந்த வீட்டில் யாரும் மூத்தவர் தலையில் கைவைத்து ஜெபிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதில்லை. காலேபுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோதும் அப்படித்தான், மாமனார் கடைசியாகப் போனபோதும் அப்படித்தான். லோயிஸ் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"நானே ஜெபம் பண்ணிடறேன்" என்று காலேப் அவசரமாகப் பாயில் உட்கார்ந்தான்.

"இல்லிங்க, அத்தை பண்ணட்டும்."

"எனக்குத் தொண்டை கட்டிக்கினு இருக்குது" என்றாள் ஷோபா.

"மெதுவா பண்ணுங்க அத்தை, போதும்." லோயிஸ் போய் மாமியார் முன்னால் முழங்காலிட்டாள். மாமியாரின் கையைத் தானே எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். கத்திக்குப் போகிற பிள்ளை கேட்கிறது, ஷோபாவால் எப்படி இல்லை என்று சொல்லமுடியும்? அவள் மகனை ஒரு முறை பார்த்தாள். பிறகு கண்ணை மூடிவிட்டாள்.

"எங்கள் அன்பின் பரலோக பிதாவே, இந்த நல்ல சாயங்கால வேளைக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம்."

தொடக்கம் எப்போதும் போல அச்சடித்த தமிழில் போனது. தேசத் தலைவர்களுக்காக, மழைக்காக, சபைப் போதகர் ஐயருக்காக, சபையில் படுக்கையில் இருப்பவர்களுக்காக. லோயிஸ் பொறுமையாக இருந்தாள். ஐந்து நிமிடம் போனதும் தலைமேல் இருந்த கை கனத்தது. அச்சுத் தமிழ் உதிர்ந்து வீட்டுத் தமிழ் வந்தது.

"நாளைக்கு இந்தப் பிள்ளையை அறுக்கப் போறாங்க ஆண்டவரே. இவ இன்னா பாவம் பண்ணா? உமக்குத் தெரியாததா? குறை இவகிட்ட மட்டும் இல்லியே, என் பிள்ளைகிட்டயும் இருக்குதே. திருப்பதியில வேற ஒரு டாக்டருகிட்ட ரெண்டு தரம் பாத்து, உயிரணு போதாது, தானா உண்டாவறது கஷ்டம்னு சொல்லிட்டாங்களே. மாத்திரையை வேலைப் பைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கினு துன்னுகினு இருக்கிறானே."

லோயிஸ் கண்ணைத் திறந்தாள். காலேபின் கண்கள் ஏற்கெனவே திறந்திருந்தன. அம்மாவை நிறுத்தச் சொல்லக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. லோயிஸையே பார்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை வாசலில் பார்த்த அதே பார்வை, டாக்டர் அறையில் பார்த்த அதே பார்வை. பிட் வைத்திருக்கிற பையன்.

"அதைச் சொல்லாம இவளை மட்டும் கத்திக்குக் குடுக்கிறானே ஆண்டவரே. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினான். மனுஷர்கிட்ட நான் சொல்லல. உம்மகிட்டயும் சொல்லாம எத்தினி நாளைக்கு வாயைக் கட்டிக்கினு இருப்பேன்? இவ சோத்துல மீன் தலை போட்டா தீர்ந்துடுமா இந்தப் பாவம்? என்னால முடியல. நீரே பாத்துக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன், ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. ஷோபா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் தெரிந்ததா, நிம்மதி தெரிந்ததா என்று லோயிஸுக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மறந்துபோய்ச் சொன்னாளா, மறந்த மாதிரி சொன்னாளா என்பதும் தெரியாது. "குழம்பு சூடு பண்றேன்" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வேறு பெண் இல்லை. லோயிஸுக்கு முதலில் வந்தது நிம்மதி. இப்படிப்பட்ட விஷயத்துக்கு நிம்மதிப்படும்படி தன்னை ஆக்கிவிட்டானே என்று அடுத்த நொடி கோபம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றே பேசிவந்தவள், "நீ நார்மல்னு சொன்னியே" என்றாள்.

காலேப் தலையைக் குனிந்துகொண்டான்.

"டாக்டர் ரெண்டு வழி சொன்னாங்க இல்ல? உனக்கும் குறை இருந்தா முதல்ல முட்டையை எடுத்து வைக்கணும்னு சொன்னாங்க இல்ல? அது உன் காதுல விழுந்துச்சா இல்லியா?"

"விழுந்துச்சு."

"விழுந்துமா நார்மல்னு சொன்ன?"

"மாத்திரை துன்னா ஏறிடும்னு சொன்னாங்க லோயிஸ். உன் ஆபரேஷன் முடியறதுக்குள்ள சரியாயிடும்னு நெனச்சேன். சரியாயிட்டா யாருக்கும் தெரியவேண்டாம் இல்ல." அவன் குரல் இறங்கிப்போனது. "கேசியா அக்கா உன் கையைப் புடிச்சுக்கினு பேசினதைப் பாத்தேன். அந்த மாதிரி என்னையும் சபை ஆளுங்க வாசல்ல நிறுத்திப் பேசினா என்னால தாங்க முடியாது."

"நான் தாங்கினேன் இல்ல?"

அவளுக்கு அவனை அறையவேண்டும் போல இருந்தது. கையில் கிடைத்தது ஆஸ்பத்திரிக்குக் கட்டிவைத்த பை. அதிலிருந்து நைட்டியை, துண்டை, சுடுநீர்ப் பையை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் எறிந்தாள். எல்லாம் காலியானதும் உட்கார்ந்து அழுதாள். இருக்கிற கொஞ்சம் முட்டையும் நாளைக்குக் கத்தியோடு போயிருக்கும். ஆறு மாதம் வீணாகக் காத்திருந்திருப்பாள். வராத பிள்ளைக்காகச் சபையே மறுபடியும் அவளுக்கு மட்டும் ஜெபித்திருக்கும். இவன் ஆமென் சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் இருவரும் திருப்பதி பேருந்தில்தான் ஏறினார்கள். பை இல்லாமல் ஏறினார்கள். பெண்களுக்கு இலவசம் என்பதால் கண்டக்டர் அவளுக்குச் சும்மா ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கவேண்டியிருந்தது காலேபுக்கு மட்டும்தான். அது நியாயம்தான் என்று லோயிஸுக்குப் பட்டது. மலைக்குப் போகிற கூட்டம் பாகாலாவிலேயே பேருந்தை நிறைத்துவிட்டது. அவளும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் வரலட்சுமி கோப்பைப் புரட்டிவிட்டு, "ரிப்போர்ட் கொண்டு வந்தீங்களா?" என்றார்.

சொல்லிக்கொடுக்க லோயிஸ் வாயைத் திறக்கவில்லை. பரீட்சை ஹாலில் நிற்பது போலக் கையை மடியில் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். சீக்கிரம் சொல்லித் தொலையமாட்டானா என்று இருந்தது. காலேப் அவள் பக்கம் திரும்பவில்லை. டாக்டரையே பார்த்து, "நான் பொய் சொன்னேன் மேடம். எனக்கும் பிரச்சனை இருக்குது" என்றான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டினார். தெலுங்கில் திட்டியதால் கொஞ்சம் மரியாதையாகத்தான் கேட்டது. பிறகு ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் பண்ணி இன்றைய கேஸ் ஒன்று ரத்து என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து பேசினார். முட்டையை எடுக்கலாம், வெளியே கருவாக்கலாம், காலேபுக்கும் சிகிச்சை உண்டு. வலிக்கு அதுவரை வேறு மருந்து. "பிள்ளை உண்டாகும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன் அம்மா. நேத்து இருந்ததைவிட இன்னிக்கு நல்ல வழி இருக்கு. அவ்வளவுதான் சொல்வேன்." லோயிஸுக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கு வேறு யாருடைய வாக்கும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

திரும்பும்போது பேருந்தில் கூட்டம் இல்லை. சந்திரகிரி தாண்டும் வரை பொறுத்திருந்துவிட்டு, காலேப் மெதுவாகக் கேட்டான்.

"சபையில யாருக்கும் சொல்லமாட்டே இல்ல?"

லோயிஸ் அவனைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் முடிந்தும் இவனுக்கு இந்தக் கவலைதான்.

"சத்தியமா மனுஷர் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள். காலேப் மூச்சுவிட்டான். "ஆனா நாளைக்கு வியாழக்கிழமை. கூட்டம் நம்ம வூட்ல. ஜெபம் பண்றது என் முறை."

பேருந்து பூதலப்பட்டில் நின்று, ஆளை இறக்கி, மறுபடி கிளம்பியது.

"என் பேரைச் சொல்லியே பண்ணு. நானும் வூட்லதான் இருப்பேன்" என்றான் காலேப்.

இதிலும் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறானா என்று லோயிஸ் அவன் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். அவன் எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நம்பினாளா என்று கேட்டால், பாதி நம்பினாள். மீதிப் பாதிக்கு நாளைக்கு ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்தே வைத்திருப்பது என்று முடிவு செய்தாள்.